ஸ்ரீரங்கத்துக்கு அறுநூறு முட்டை பப்ஸ்

உறையூரில் குடியிருக்கும் யமுனாவுக்கு வயது நாற்பத்து மூன்று. கணவர் பாலு, நாச்சியார் கோயில் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். யமுனாவுக்கு வேலை அரியமங்கலத்தில், பொன்கதிர் பேக்கரியின் தயாரிப்புக் கூடத்தில். அங்கே வேகும் பன்னும் பப்ஸும் பிரெட்டும் திருச்சியில் உள்ள பதினோரு கிளைகளுக்குத் தினமும் காலையில் வேனில் போகின்றன. எந்தக் கிளைக்கு எது எத்தனை போக வேண்டும் என்று முடிவு செய்வது யமுனா.

இந்த வேலைக்குப் பெயர் கிடையாது. சம்பளப் பட்டியலில் 'அலுவலக உதவி' என்று இருக்கும். பிற்பகல் மூன்று மணிக்குப் பதினோரு கிளைகளுக்கும் ஃபோன் போடுவாள். எது தீர்ந்தது, எது கிடக்கிறது என்று கேட்டு, நாலரை மணிக்குள் மறுநாளுக்கான எண்களை ஒரு நீளமான நோட்டில் எழுதி, அடுப்புப் பொறுப்பாளர் நஸ்ருல்லாவிடம் கொடுப்பாள். ஏகாதசி என்றால் ஸ்ரீரங்கம் கிளைக்கு முட்டைச் சமாச்சாரம் போகாது. புரட்டாசி சனி என்றால் எல்லாக் கிளைகளுக்கும் பாதிதான். சமயபுரத்துக்கு நடந்து போகிறவர்கள் அதிகமுள்ள நாட்களில் சத்திரம் பேருந்து நிலையக் கிளைக்கு வெறும் பன் இரட்டிப்பாகப் போகும். இதில் மேதைமை ஒன்றும் இல்லை. பதினேழு வருஷம் தினமும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தால் கல்லுக்குக்கூடப் பதில் தெரிந்துவிடும்.

ஒரே ஒரு சங்கடம். அந்தப் பதினேழு வருஷத்தில் யமுனா சேர்ந்தாற்போல மூன்று நாள் லீவு எடுத்ததில்லை. அவளுடைய மகள் பிறந்தபோதுகூட ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து கே.கே. நகர் கிளைக்கு வெண்ணெய் பிஸ்கட் எண்ணிக்கை சொன்னாள் என்று ஒரு கதை உண்டு. அது கதை இல்லை, உண்மை.

முதலாளி நவநீதன் அப்பாவிடமிருந்து பேக்கரியையும், கோயம்புத்தூரிலிருந்து எம்.பி.ஏ. பட்டத்தையும் பெற்றவர். நல்ல மனிதர். கெட்ட பழக்கம் ஒன்றுதான், கருத்தரங்கு. போன ஆடி மாதம் சென்னையில் இரண்டு நாள் கருத்தரங்குக்குப் போய்விட்டு, ஒரு துணிப்பையும் ஒரு வாக்கியமும் கொண்டு வந்தார்.

"யமுனா, இனிமே டேட்டாதாங்க மைதா."

யமுனா தலையாட்டினாள். அந்த வாரம் மைதா வேறு தரம் குறைவாக வந்திருந்தது.

நவநீதனுக்கு வேண்டியது இதுதான்: எந்தக் கிளையில் என்ன விற்கிறது, எது வீணாகிறது என்பது படமாகத் தெரிய வேண்டும். நாளைக்கு எவ்வளவு சுட வேண்டும் என்றும் அதுவே சொல்ல வேண்டும். நியாயமான ஆசைதான். இதற்கு இரண்டு வழி இருப்பதாகக் கருத்தரங்கில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஒன்று, ஏற்கனவே கிளைகளில் பில் போடுகிற சாஃப்ட்வேருக்குள்ளேயே படங்களையும் கணக்குகளையும் வைத்துவிடுவது. மற்றொன்று, அதற்கென்றே தனியாக ஒரு சாஃப்ட்வேர் வாங்கி, எல்லா இடத்துத் தகவலையும் அதில் கொண்டுபோய்க் கொட்டுவது. முதலாவதற்கு எம்பெடட் என்றும் இரண்டாவதற்கு பி.ஐ. டூல் என்றும் பெயர். நவநீதன் இந்த இரண்டு சொற்களையும் ஒரு மாதம் வீட்டிலும் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதல் வழிக்கு ஆள் உள்ளூரிலேயே இருந்தார். கே.கே. நகரில் இரண்டு அறை ஆபீஸ் வைத்திருக்கும் பிரவீன்ராஜ். பதினோரு கிளைகளிலும் ஓடுவது அவர் எழுதிய பில்லிங் சாஃப்ட்வேர்தான். "சார், பில் போடற ஸ்கிரீன்லயே ஒரு ஓரமா சார்ட் வந்துரும். வேற எங்கயும் போக வேணாம், வேற பாஸ்வேர்டு வேணாம்" என்றார். கே.கே. நகர் கிளையில் செய்து காட்ட ஒரு சாயங்காலம் எல்லோரும் போனார்கள். பிரவீன்ராஜ் பட்டனை அழுத்தினார். வட்டம் ஒன்று சுற்ற ஆரம்பித்தது. சுற்றிக்கொண்டே இருந்தது. அது சுற்றுகிற வரைக்கும் பில் வரவில்லை. கவுண்டரில் ஏழு பேர் நின்றார்கள். இரண்டு பிரெட்டைக் கையில் வைத்திருந்த ஒரு அம்மா கடைசியில், "சார்ட்டெல்லாம் வேணாம்ங்க, பிரெட்ட குடுத்தா போதும்" என்றார்.

"சர்வர் கொஞ்சம் பிசியா இருக்கு சார். அடுத்த வெர்ஷன்ல சரியாயிடும்" என்றார் பிரவீன்ராஜ். அவருடைய எல்லா நல்ல விஷயங்களும் அடுத்த வெர்ஷனில்தான் குடியிருந்தன.

இரண்டாவது வழிக்குச் சென்னையிலிருந்து சுபஸ்ரீ வந்தார். கெட்டிக்காரி, வேகமாகப் பேசுகிறவர். அரியமங்கலத்து வெயிலில் கோட்டுப் போட்டிருந்தார். மடிக்கணினியைத் திறந்ததும் திருச்சி வரைபடம் விரிந்தது. பதினோரு கிளைகளும் பதினோரு வட்டமாக மின்னின. தொட்டால் வட்டம் வீங்கியது. பில் தகவல், அடுப்புக் கணக்கு, மிச்சமாகித் திரும்பி வந்த சரக்கு, மழை, விடுமுறைப் பட்டியல் எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்து நாளைய எண்ணிக்கையை அதுவே சொல்லும் என்றார். நவநீதனின் முகம் ஓவனுக்குள் வைத்த பன்போல உப்பி மலர்ந்தது.

யமுனா ஒரு சந்தேகம் கேட்டாள். "கிளையில இருக்கறவங்க இத எதுலங்க பாப்பாங்க?"

"ஆளுக்கு ஒரு லாகின் குடுத்துடலாம் மேம்."

"எந்தக் கம்ப்யூட்டர்ல? அங்க இருக்கறது ஒண்ணு. அதுல பில் போட்டுட்டு இருப்பாங்க."

சுபஸ்ரீ ஒரு நொடி நிறுத்தினார். அந்த நொடியை நவநீதன் எடுத்துக்கொண்டார். "யமுனா, பெரிசா யோசிக்கணுங்க. சின்னச் சின்ன விஷயத்துல மாட்டிக்கக் கூடாது."

அதற்குப் பிறகு தேர்வு முறைப்படி நடந்தது. நவநீதன் முப்பத்திரண்டு அளவுகோல் கொண்ட ஒரு பட்டியல் தயாரித்தார். பாதுகாப்புக்கு இத்தனை மதிப்பெண், வேகத்துக்கு இத்தனை, வளர்ச்சிக்கு இத்தனை. இரண்டு வாரம் மார்க் போட்டார். கூட்டிப் பார்த்தால் பிரவீன்ராஜ் நாலு மார்க் முன்னால் இருந்தார். உடனே நவநீதன் அளவுகோல்களின் எடையை மாற்றினார். பட்டியலில் எழுதாத முப்பத்து மூன்றாவது அளவுகோல் ஒன்று இருந்தது: எது டி.வி.யில் அழகாக இருக்கும்? அதற்காக ஐம்பத்தைந்து அங்குலத்தில் ஒரு டி.வி. ஏற்கனவே வாங்கி அவருடைய அறைச் சுவரில் மாட்டியாகிவிட்டது.

சுபஸ்ரீயின் தனி சாஃப்ட்வேர் வந்தது. ஆயுத பூஜைக்கு மாவு பிசையும் இயந்திரத்துக்கும் டி.வி.க்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். நஸ்ருல்லா பாய் டி.வி.யை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "மாஷா அல்லா, வெளிச்சமா இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுப்புக்குப் போனார். வந்த விருந்தினர்களுக்கெல்லாம் நவநீதன் வட்டங்களைத் தொட்டு வீங்க வைத்துக் காட்டினார். மாவு மில்காரர் ஒருவர், "இதுல மேட்ச் வருமா?" என்று கேட்டாராம்.

கிளைகளுக்கு லாகின் போயிற்று. பாஸ்வேர்டில் ஒரு பெரிய எழுத்து, ஒரு எண், ஒரு விசித்திரக் குறி மூன்றும் வேண்டுமாம். ஸ்ரீரங்கம் கிளையைப் பார்த்துக்கொள்ளும் வீராயி, அம்பத்திரண்டு வயதுக்காரி, அதைத் தினக் காலண்டர் அட்டையில் எழுதி வைத்தாள். மார்கழி வரைக்கும் அது அங்கேயே பத்திரமாக இருந்தது, ஒருமுறைகூடப் பயன்படாமல்.

யமுனாவுக்கு வந்தது வேறு உத்தரவு. நவநீதன் கூப்பிட்டுச் சொன்னார்: "இனிமே நாளைக்கான நம்பர அதுவே குடுக்கும். நீங்க கை வைக்காதீங்க. நீங்க இடையில மாத்துனா அது கத்துக்காதாம், சுபஸ்ரீ மேடம் சொன்னாங்க. அப்படியே பிரிண்ட் எடுத்து பாய்கிட்ட குடுத்துருங்க."

"தப்பா இருந்தா சார்?"

"தப்புலேருந்துதான் கத்துக்கும்."

யமுனா தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். நோட்டை மூடி மேஜை இழுப்பறையில் வைத்தாள். சாயங்காலம் பாலுவிடம், "எனக்குப் பதிலா ஒரு டி.வி. வாங்கிட்டாங்க" என்றாள். பாலு ஜெராக்ஸ் கடைக்காரர், எந்திரங்களை நம்பாதவர். "பேப்பர் சிக்குற வரைக்கும் எல்லா மிஷினும் நல்ல மிஷின்தான்" என்றார்.

ஆனால் யமுனா அந்தத் தனி சாஃப்ட்வேரைத் திறந்து பார்க்க ஆரம்பித்தாள். முதலில் பயத்தில். தன்னை எந்த அளவுக்கு விழுங்கும் என்று தெரிந்துகொள்ள. பிறகு பயம் குறைந்து ஆசை வந்தது. அது சும்மா இல்லை. ஒரு நாள் உறையூர் கிளையின் பக்கத்தைக் கிளறிக்கொண்டிருந்தபோது, செவ்வாய்க்கிழமைகளில் அங்கே போகும் தேங்காய் பன்னில் மூன்றில் ஒரு பங்கு திரும்பி வருவது தெரிந்தது. இரண்டு வருஷமாக. ஏன் அவ்வளவு அனுப்புகிறோம் என்று யோசித்துப் பார்த்தாள். எதிரே ஒரு டியூஷன் சென்டர் இருந்தது. செவ்வாய் தோறும் பரீட்சை வைப்பார்கள். சென்டர் மூடி ரொம்ப நாளாயிற்று. பன் மட்டும் போய்க்கொண்டிருந்தது. தினம் கடந்து போகிற தெருவில், தன் வீட்டிலிருந்து அஞ்சு நிமிஷ தூரத்தில், இவ்வளவு பெரிய முட்டாள்தனம். மூன்று மணி ஃபோனில் அந்தக் கிளைக்காரர் தினமும் 'கொஞ்சம் கிடக்குக்கா' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். 'கொஞ்சம்' என்ற சொல்லுக்குள் இரண்டு வருஷப் பன் அடங்கிக் கிடந்தது.

இதை யாரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? ஆனால் அதிலிருந்து தினமும் அரை மணி நேரம் அதைத் திறந்து பார்ப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது.

மார்கழி பிறந்தது. வைகுண்ட ஏகாதசிக்கு முதல் நாள் பிற்பகல் நாலு மணிக்கு ஸ்ரீரங்கத்துக்கான எண்ணிக்கை திரையில் வந்தது. முட்டை பப்ஸ்: அறுநூறு.

யமுனா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். அறுநூறுதான். சாதாரண நாளில் நூற்றிருபது போகும். சுபஸ்ரீயின் ஆட்கள் விடுமுறைப் பட்டியலைச் சேர்க்கும்போது, வைகுண்ட ஏகாதசிக்கு நேரே 'ஸ்ரீரங்கம், மிக அதிகக் கூட்டம், எல்லாப் பொருளும் ஐந்து மடங்கு' என்று போட்டிருந்தார்கள். ஏகாதசி என்றால் கூட்டம் என்று அதற்குத் தெரிந்திருந்தது. விரதம் என்று தெரியவில்லை.

அவள் பார்த்தாள். ஒன்பது நிமிஷம் பார்த்தாள். நவநீதனின் அறைக்கதவு திறந்துதான் இருந்தது. எழுந்துபோய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எழுந்தாள், பிரிண்ட்டரிடம் போனாள், தாளை எடுத்து நஸ்ருல்லாவிடம் கொடுத்தாள்.

பாய் தாளைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "ஏம்மா, நாளைக்கு ஏகாதசிம்மா. பெரிய ஏகாதசி. எனக்கே தெரியுது. ஒங்க டி.வி.க்குத் தெரியலையா?"

"ஸ்கிரீன்ல உள்ளபடி போடுங்க பாய். கை வைக்கக் கூடாதுன்னு உத்தரவு."

"யா அல்லா" என்று சொல்லிவிட்டு அவர் முட்டைகளை வேகவைக்கச் சொன்னார்.

அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது யமுனாவுக்கு மனம் லேசாக இருந்தது. நாளைக்கு நவநீதன் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். அதை நினைத்தபோது வீராயியின் முகம் ஒருமுறைகூட நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் ஸ்ரீரங்கத்து வேன் மாம்பழச் சாலை தாண்டிப் போக ஒரே ஒரு முறைதான் அனுமதி. காலை ஆறு மணிக்குப் பிறகு போலீஸ் தடுப்பு வைத்துவிடுவார்கள். வேனில் தட்டுகளை அடுக்கினார்கள். முட்டை பப்ஸ் பாதி வேனை அடைத்துக்கொண்டது. தேங்காய் பன்னும் வருக்கியும் கொஞ்சம்தான் ஏறின. மீதி அரியமங்கலத்துத் தரையில் கிடந்தது.

ஸ்ரீரங்கம் கிளை அம்மாமண்டபம் சாலையில் இருக்கிறது. காவிரியில் முழுகிவிட்டுக் கோயிலுக்குப் போகிற கூட்டமும், பரமபத வாசலைக் கடந்துவிட்டுத் திரும்புகிற கூட்டமும் அந்த ஒரே சாலையில்தான் முட்டிக்கொள்ளும். 'ரங்கா, ரங்கா' என்ற குரல் கடைக்குள்ளே வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது. வெளியூரிலிருந்து வந்தவர்கள் டீயும் பன்னும் கேட்டார்கள். பன் எட்டரை மணிக்குத் தீர்ந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் அதன் மேலும் பக்கத்திலும் முட்டை பப்ஸ் மலைபோல இருந்தது. வீராயி அன்றைக்கு விரதம் வேறு. வாசனை மூக்கில் ஏறியது.

உத்தர வீதிப் பெரியவர் ஒருவர், பன்னிரண்டு திருமண் துலங்க, பால் பாக்கெட் வாங்க வந்தார். பெட்டியைப் பார்த்தார். "ஏம்மா, பரமபத வாசல் தெறந்திருக்கற அன்னிக்கு இது என்ன கைங்கர்யம்? பெருமாளே!" என்றார். பால் வாங்காமல் போய்விட்டார். பின்னாலேயே வந்த ஒருவர் பெட்டியைப் படம் எடுத்தார். பத்து மணிக்குள் அந்தப் படம் 'ஏகாதசி ஸ்பெஷல்' என்ற தலைப்போடு நாலைந்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. அதைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் சண்டைக்கே வந்தார்கள். வீராயி தட்டுகளை உள்ளே இழுத்து, கோதுமைச் சாக்கைப் போட்டு மூடினாள். பன் கேட்டவர்களுக்கெல்லாம் இல்லை, இல்லை என்று சாயங்காலம் வரை சொன்னாள். விற்ற முட்டை பப்ஸ் பதினொன்று. வாங்கியவர்களில் ஆறு பேர் தடுப்பில் நின்ற போலீஸ்காரர்கள்.

துவாதசியன்று காலை பத்து மணிக்கு வீராயி அரியமங்கலத்துக்கு வந்தாள். ஆட்டோவிலிருந்து இரண்டு தட்டை இறக்கித் தானே தூக்கிக்கொண்டு வந்து யமுனாவின் மேஜையில் வைத்தாள். அறையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

"முந்தாநாளு இந்த நம்பர நீ பாத்தியா, இல்லியா?"

யமுனாவுக்குப் பொய் வாய்வரை வந்துவிட்டது. வீராயி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தேங்க்கா."

"பாத்துட்டுத்தான் விட்டியா?"

"அவருதான் கை வைக்கக் கூடாதுன்னாருக்கா. நான் என்ன பண்ணட்டும்? அவருக்கும் ஒரு தடவ தெரியட்டும்னு..."

"அவருக்குத் தெரியணும்னா அறுநூத்தையும் அவரு வீட்டுக்கு அனுப்பியிருக்கணும். எனக்கு ஏன் அனுப்புன? நேத்து அங்க ஏச்சு வாங்குனது அவரா, டி.வி.யா? நான்தானே நின்னேன்!"

அதோடு திரும்பிப் போய்விட்டாள். தட்டுகள் மேஜையிலேயே இருந்தன. இப்படி ஒரு நாள் வந்தால் எல்லோரும் தன் பக்கம் நிற்பார்கள் என்று யமுனா மூன்று மாதமாக நினைத்திருந்தாள். யாரும் பக்கத்தில் வரவில்லை. நஸ்ருல்லா பாய்கூட, "சொல்லியிருக்கலாம்மா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத்தான் தட்டுகளை எடுத்துப் போனார். அவள் கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

மத்தியானம் நவநீதன் கூட்டம் போட்டார். சுபஸ்ரீ வீடியோவில் வந்தார். தவறு சாஃப்ட்வேருடையது இல்லை, பட்டியலுடையது என்றார். பட்டியல் யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. பிறகு, கிளைகள் இந்த சாஃப்ட்வேரை ஒழுங்காகப் பயன்படுத்தியிருந்தால் பிழையை முன்னாலேயே பிடித்திருக்கலாம் என்று சொல்லி, யார் யார் எத்தனை முறை திறந்தார்கள் என்ற கணக்கைத் திரையில் காட்டினார்.

மூன்று மாதத்தில் அந்த சாஃப்ட்வேரைத் திறந்தது மொத்தம் தொண்ணூற்றொரு முறை. அதில் பதினான்கு முறை நவநீதன், அத்தனையும் விருந்தினர் வந்த நாட்கள். கிளைகள் பதினொன்றும் சேர்ந்து பூஜ்யம். யமுனா எழுபத்தேழு. கடைசி வரியில் இருந்தது: ஏகாதசிக்கு முதல் நாள், மாலை நாலு மணி இரண்டு நிமிஷம், ஸ்ரீரங்கம் பக்கம், ஒன்பது நிமிஷம், பயனர் யமுனா.

நவநீதன் அதைப் படித்தார். இந்த மூன்று மாதத்தில் அந்த டி.வி. அவருக்குச் சொன்ன ஒரே பயனுள்ள தகவல் அதுதான்.

"அப்ப தெரிஞ்சேதான் விட்டீங்களா யமுனா?"

"ஆமாங்க சார். தெரிஞ்சேதான் விட்டேன். நீங்க சொன்னதச் செஞ்சேன்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம். வீராயிக்கா கேட்டதுக்கு அப்புறம் அப்படிச் சொல்ல வாய் வரல. என்மேல நடவடிக்கை எடுக்கறதா இருந்தா எடுங்க."

நவநீதன் நாற்காலியில் சாய்ந்தார். கோபப்படத்தான் விரும்பினார். ஆனால் எழுபத்தேழு என்ற எண் அவரை உறுத்தியது. "பிடிக்கலன்னா ஏன் எழுபத்தேழு தடவ பாத்தீங்க?"

யமுனா உறையூர்த் தேங்காய் பன் விஷயத்தைச் சொன்னாள். தன் தப்பைத் தானே சொல்வது அவளுக்கு அன்று இரண்டாவது முறை. அதனால் கொஞ்சம் சுலபமாக வந்தது. "எனக்கு அது வேணும் சார். வாரத்துக்கு ஒரு நாள் உக்காந்து, ரெண்டு வருஷத்தத் தோண்டிப் பாக்கறதுக்கு அது நல்லது. ஆனா அது ஒரு ஆளுக்குத்தான் வேணும். கடையில நிக்கறவங்களுக்கு அது எதுக்கு? அவங்க ஒரே ஒரு ஸ்கிரீனத்தான் நாள் பூரா பாக்கறாங்க, பில் ஸ்கிரீன். அங்க நாலு நம்பர் வந்தாப் போதும். நேத்து வந்தது, வித்தது, மிஞ்சுனது, நாளைக்கு எத்தன வேணும்னு ஒரு கட்டம். அந்தக் கட்டத்த வீராயிக்கா நிரப்பட்டும். ஏகாதசி அவங்களுக்குத் தெரியும்."

"அப்ப எம்பெடட்டுதான் பெஸ்ட்டுங்கறீங்க" என்றார் நவநீதன்.

"பேரெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. யாரு எங்க நிக்கறாங்களோ அங்க வரணும்."

பிரவீன்ராஜைக் கூப்பிட்டார்கள். உற்சாகமாக வந்தார். என்ன வேண்டும் என்று கேட்டதும் உற்சாகம் இறங்கியது. "வெறும் நம்பரா மேடம்? சார்ட் வேணாமா?"

"வேணாம்ப்பா."

"ஒரு சின்ன சார்ட். ஓரமா."

"அது சுத்தும். பில் நிக்கும். காலையில கடை திறக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ கணக்குப் போட்டு வச்சுரு. நாலு நம்பர். அவ்வளவுதான்."

பத்து நாளில் செய்து கொடுத்தார். அவர் சரித்திரத்தில் அடுத்த வெர்ஷனுக்குப் போகாமல் வந்த முதல் பொருள் அது. ஆரம்பம் அலங்கோலம்தான். கே.கே. நகர்க்காரர் பயந்துகொண்டு எல்லாவற்றையும் இரட்டிப்பாகக் கேட்டார். இன்னொரு கிளை இரண்டு நாள் கட்டத்தை நிரப்பாமல் விட்டு, மூன்றாம் நாள் காலியான பெட்டியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தையில் நிலைமை சீரானது. எல்லாரையும்விட வீராயியின் எண்கள்தான் குறி தப்பாமல் வந்தன. திரையில் திதி வர வேண்டும் என்று அவள் கேட்டனுப்பினாள். நஸ்ருல்லா பாய் ரமலான் தேதிகளையும் போடச் சொன்னார். பிரவீன்ராஜ் திதி என்றால் என்ன என்று தன் அம்மாவிடம் கேட்டுப் போட்டார்.

சுபஸ்ரீயின் சாஃப்ட்வேர் ஒரே ஒரு லாகினோடு தங்கியது. திங்கட்கிழமைகளில் யமுனா அதில் தோண்டுவாள். டி.வி. தில்லைநகர் கிளைக்குப் போய்ப் பிறந்தநாள் கேக் மாதிரிகளைக் காட்டிக்கொண்டிருக்கிறது. பங்குனியில் வணிகர் கூட்டம் ஒன்றில் நவநீதன் 'இரண்டில் எது என்று கேட்காதீர்கள், எங்களுடைய கலப்பு வியூகத்தைக் கேளுங்கள்' என்று இருபது நிமிஷம் பேசிக் கேடயம் வாங்கினார். முட்டை பப்ஸ் பேச்சில் வரவில்லை. யமுனா 'எங்கள் குழு' என்ற பெயரில் ஒருமுறை வந்தாள். அவளுக்கு 'பகுப்பாய்வுத் தலைவர்' என்று இருநூறு விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்தார்கள். யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் மகளின் நோட்டுப் புத்தகங்களுக்குப் பக்கக் குறியாக வைத்திருக்கிறாள். சம்பளப் பட்டியலில் இன்னும் அலுவலக உதவிதான்.

சித்திரையில் அஞ்சு நாள் சேர்ந்தாற்போல லீவு எடுத்துக் குடும்பத்தோடு கொடைக்கானல் போனாள். இரண்டாம் நாள் பிற்பகல் மூன்று மணிக்கு ஏரிக்கரையில் கை தானாகப் பைக்குள் போயிற்று. ஃபோனை எடுத்துப் பார்த்தாள். யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. நிம்மதியாக இருந்தது என்று சொன்னாள். அவ்வளவு நிம்மதியாக அவள் முகம் இல்லை என்று பாலு சொல்கிறார்.

வீராயி அவளோடு சரியாகப் பேசவில்லை. கேட்டதற்குப் பதில், அதுவும் ஒரு வார்த்தை. வைகாசியில் வீராயி திருவானைக்காவில் கட்டிய சின்ன வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் வைத்தாள். அரியமங்கலத்துக்கு வந்து எல்லோருக்கும் பத்திரிகை கொடுத்தாள். கடைசியாக யமுனாவின் மேஜைக்கு வந்து, "வந்துரு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டுப் போனாள்.

யமுனாவும் பாலுவும் போனார்கள். வாசலில் வீராயி "வா" என்றாள். வேறு பேச்சு இல்லை. சாப்பிட்டுவிட்டு, எவர்சில்வர் குடம் ஒன்றை வைத்துக் கொடுத்துவிட்டு, திரும்பும் பஸ்ஸில் ஏறினார்கள். காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது.

"சமாதானம் ஆயிட்டீங்களா?" என்று பாலு கேட்டார்.



"இன்னும் இல்ல. ஆனா நான் கேக்காமலே ரெண்டாந்தரம் பாயசம் ஊத்துனாங்க" என்றாள்.